6. மோதல் வரும்போது: டி.ஏ. தானே தீர்க்க வேண்டியவையும் உரியவரிடம் ஒப்படைக்க வேண்டியவையும்

பிஎச்.டி.யில் சேர்ந்து ஓரிரு பருவங்களுக்குள் ஏதாவது ஒரு பாடத்தின் டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) பட்டியலில் உங்கள் பெயர் வந்துவிடும். விதுராவில் உள்ள ஐசர், வலியமலையில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம், காரியவட்டத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழகத் துறைகள், ஸ்ரீகாரியத்துப் பொறியியல் கல்லூரி என்று திருவனந்தபுரத்தில் ஆய்வு மாணவர்கள் நிறைந்த வளாகங்கள் பல. டுடோரியல் எடுப்பது, ஆய்வுக்கூடத்தில் மேற்பார்வைக்கு நிற்பது, விடைத்தாள் திருத்துவது என்று ஏதாவது ஒரு வேலை அங்கே உங்களைத் தேடி வரும்.

பாடத்தை எப்படி நடத்துவது என்பதை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். மார்க் குறைந்தவர் கோபத்தோடு வந்து நின்றால், இரண்டு பேர் ஒரே விடையை எழுதிக் கொடுத்தால், பேராசிரியர் சொன்னது சரியில்லை என்று உங்களுக்கே தோன்றினால் என்ன செய்வது? இந்த அத்தியாயம் அதற்கு.

நீங்கள் நிற்கும் இடம்

காலையில் ஒரு வகுப்பில் மாணவராக உட்கார்ந்திருப்பீர்கள். மதியம் இன்னொரு வகுப்பில் கரும்பலகை முன் நிற்பீர்கள். மாணவர் கண்ணுக்கு நீங்கள் மார்க் போடுகிறவர். பேராசிரியர் கண்ணுக்கு நீங்களும் ஒரு மாணவர். மார்க்கை மாற்றும் இறுதி உரிமை பாட ஆசிரியருடையது. தண்டிக்கும் உரிமை நிறுவனத்தினுடையது. ஆனாலும் விடைத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மாணவர் முதலில் வருவது உங்களிடம்தான். பொறுப்பு நிறைய, அதிகாரம் கொஞ்சம். இந்த நிலையை மறந்து, இருக்கிற அதிகாரத்தைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் டி.ஏ. மாட்டிக்கொள்கிறார். பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் டி.ஏ.வால் மாணவர் மாட்டிக்கொள்கிறார்.

விதி என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. ஒழுங்குமுறைகள், ஆய்வு மாணவர் எந்தத் துறையைச் சேர்ந்தவரானாலும் கற்பித்தலில் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. டுடோரியல், ஆய்வுக்கூடப் பணி, மதிப்பீடு ஆகியவற்றுக்காக வாரம் 4 முதல் 6 மணி நேரம் அவருக்கு வேலை ஒதுக்கலாம் என்றும் சொல்கின்றன. கேட் தேர்வுத் தகுதியோடு எம்.டெக். சேர்ந்து மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை பெறுவோருக்கு, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வாரம் 8 முதல் 10 மணி நேரம் வைத்திருக்கிறது. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

உங்களிடம் வரும் எந்தப் பிரச்சினையும் மூன்று வகைக்குள் அடங்கும்.

1. நீங்களே தீர்க்க வேண்டியவை: கூட்டல் தவறு, விடையில் சந்தேகம், வகுப்பில் சலசலப்பு, குழுவுக்குள் சிறு மனக்கசப்பு.
2. பாட ஆசிரியரிடம் கொண்டுபோக வேண்டியவை: மறுமதிப்பீடு, காப்பி, கெடு நீட்டிப்பு, வருகைப் பதிவுத் தகராறு.
3. நிறுவனத்தின் குழுக்களிடம் போக வேண்டியவை: பாலியல் தொல்லை, ராகிங், சாதி, மத அவமதிப்பு, மிரட்டல், உயிருக்கு ஆபத்து.

எது எந்த வகை என்று சரியாகப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதல் வகையை மேலே தள்ளினால் உங்கள் மீது நம்பிக்கை போகும். மூன்றாம் வகையை நீங்களே பேசித் தீர்க்கப் பார்த்தால் ஒருவருடைய வாழ்க்கையே கெடக்கூடும்.

பருவம் தொடங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

டுடோரியல் அறையில் வெடிக்கும் சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு விதை முதல் வாரத்திலேயே விழுந்துவிடுகிறது. யாரும் எதையும் தெளிவாகச் சொல்லாமல் விட்டதுதான் அந்த விதை. ஆகவே முதல் வகுப்புக்கு முன் பாட ஆசிரியரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். கீழ்க்கண்டவற்றுக்குப் பதில் கிடைக்காமல் எழுந்து வராதீர்கள்.

- தாமதமாகக் கொடுத்த அசைன்மென்டுக்கு எவ்வளவு மார்க் குறைக்க வேண்டும்? கெடுவை நீட்டிக்கும் உரிமை எனக்கு உண்டா?
- மறுமதிப்பீடு கேட்பவர் யாரிடம், எத்தனை நாளுக்குள், எப்படிக் கேட்க வேண்டும்?
- சேர்ந்து விவாதிக்கலாமா? எந்த எல்லை வரை? செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா?
- வருகைப் பதிவை யார் எடுப்பது, யார் திருத்துவது?
- அவசரம் என்றால் உங்களை எப்படித் தொடர்புகொள்வது?

பதில்களைச் சுருக்கமாக எழுதி, "இன்று பேசியபடி நான் புரிந்துகொண்டவை இவை" என்று அவருக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அவர் எதுவும் திருத்தாவிட்டால் பருவம் முழுவதற்கும் உங்களுக்கு அதுதான் ஆதாரம். பிறகு அதே விதிகளை முதல் வகுப்பில் மாணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். பிரச்சினை வந்தபிறகு அறிவிக்கும் விதி, யாரோ ஒருவரைக் குறிவைத்தது போலவே தெரியும். முன்பே அறிவித்த விதியை எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள்.

இந்த ஊருக்கே உரிய ஒரு எச்சரிக்கை. கெடுத் தேதி குறிக்கும்போது நாட்காட்டியைப் பாருங்கள். ஆற்றுக்கால் பொங்கல் அன்று நகரச் சாலைகளில் அடுப்புகள் வரிசைகட்டி நிற்கும், பேருந்து வழக்கம்போல் ஓடாது. ஓணத்துக்கு முந்திய வாரத்தில் வளாகமே வேறு மனநிலையில் இருக்கும். அந்த நாட்களில் கெடு வைத்துவிட்டு, தாமதமாகக் கொடுத்தவர்களோடு மல்லுக்கட்டுவது நாமே வரவழைத்துக்கொள்ளும் தொல்லை.

மார்க் தகராறு

டி.ஏ.வின் வேலையில் அதிகம் வருவது இதுதான். தகராறு வராமல் தடுக்கும் வழியும் இதில்தான் அதிகம்.

ஒரு பாடத்துக்கு நான்கு டி.ஏ.க்கள் இருந்து, ஆளுக்கு ஒரு பிரிவின் தாள்களைத் திருத்தினால், ஒருவர் தாராளமாகவும் ஒருவர் கறாராகவும் போடுவது உறுதி. விடுதியில் தாளை ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவருக்கு அது அன்று இரவே தெரிந்துவிடும். இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஆளுக்கு ஒரு கேள்வி என்று பிரித்துக்கொண்டு, அந்தக் கேள்வியை எல்லாத் தாள்களிலும் ஒருவரே திருத்துவது. இரண்டாவது, திருத்தத் தொடங்கும் முன் நால்வரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஐந்தாறு தாள்களைத் தனித்தனியாகத் திருத்தி, போட்ட மார்க்குகளை ஒப்பிட்டு, எந்தப் படிக்கு எவ்வளவு என்று முடிவுசெய்துகொள்வது. ஒரு மாலை நேரம் இதற்குப் போகும். அது ஒரு மாதத் தலைவலியைக் குறைக்கும்.

தாள்களைத் திருப்பிக் கொடுக்கும் அன்று மார்க் பேச்சே வேண்டாம். விடைக்குறிப்பைக் கொடுங்கள். "இன்று யாரும் மார்க் பற்றிக் கேட்க வேண்டாம். விடைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாளை முதல் ஒரு வாரத்துக்குள் எழுத்தில் கேளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். கேள்வி எண், தனக்கு எவ்வளவு வர வேண்டும் என்று நினைக்கிறார், ஏன் என்ற மூன்றும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். ஏன் என்று எழுத உட்காரும்போதே பலருக்குத் தங்கள் தவறு புலப்பட்டுவிடும். எழுதியபிறகும் நியாயம் இருக்கிறது என்று கேட்பவர் பெரும்பாலும் நியாயத்தோடுதான் கேட்பார். அவருக்கு உரிய மார்க்கைத் தயங்காமல் பரிந்துரையுங்கள். திருத்தியதைத் திருத்துவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

கெஞ்சி வருபவரைக் கையாள்வது கொஞ்சம் கடினம். ஒரு உதாரணம்:

"சேட்டா, இன்னும் ரெண்டு மார்க் வந்தா பாஸ். இல்லைன்னா சப்ளி எழுதணும். வீட்ல தெரிஞ்சா பெரிய பிரச்சினை."

"நிலைமை புரியுது. ஆனா தேவைக்காக மார்க் போட்டா, கேட்கக் கூச்சப்பட்டு நிக்கிற இன்னொருத்தருக்கு அது அநியாயம். விடையில எங்கேயாவது விட்டுப்போயிருக்கான்னு சேர்ந்து பார்ப்போம். இல்லைன்னா அடுத்த தேர்வுக்கு என்ன செய்யணும்னு இப்பவே உக்காந்து பேசுவோம்."

முடியாது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். "பார்க்கலாம்", "சார்கிட்ட சொல்லிப் பார்க்கிறேன்" என்று இழுத்தால் அவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு போவார். மறுத்த கையோடு, செய்யக்கூடிய ஒன்றையும் சொல்லி அனுப்புங்கள். வெறும் மறுப்போடு வெளியே போகிறவருக்கு மனக்கசப்பு மட்டுமே மிஞ்சும்.

ஒரே விடை, இரண்டு தாள்கள்

இரண்டு தாள்களில் ஒரே தவறு ஒரே இடத்தில் இருந்தால், யார் யாரிடமிருந்து எடுத்தார் என்று கண்டுபிடிக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். செய்ய வேண்டியவை இவைதான்: தாள்களைப் படமெடுத்து வையுங்கள். ஒத்துப்போகும் இடங்களைக் குறியுங்கள். மார்க் போடாமல் நிறுத்திவைத்து, பாட ஆசிரியரிடம் கொடுங்கள். "காப்பி அடித்திருக்கிறார்கள்" என்று எழுதாமல், "இந்த இரு தாள்களிலும் இந்த நான்கு வரிகள் ஒன்றாக உள்ளன" என்று மட்டும் எழுதுங்கள். கண்டதை நீங்கள் சொன்னால் போதும். அது குற்றமா என்று முடிவுசெய்ய வேண்டியவர் அவர்.

கருத்துத் திருட்டு என்றதும் பலர் மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைகளை எடுத்து நீட்டுகிறார்கள். 10 சதவீதம், 40 சதவீதம், 60 சதவீதம் என்று ஒற்றுமையை அளந்து அவை விதிக்கும் தண்டனைகள் ஆய்வேடுகளுக்கும் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் உரியவை. முதலாண்டு மாணவரின் வாரப் பயிற்சிக்கு அந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு போவது பொருந்தாது. அங்கே பாடத்துக்கென்று முதல் வாரத்தில் அறிவித்த விதிதான் பேச வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று சந்தேகம் வந்தால், கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருளை நம்பி யாரையும் குற்றம் சாட்டாதீர்கள். மனிதர் எழுதியதையும் அவை இயந்திரம் எழுதியது என்று காட்டுவது உண்டு. அதைவிட நல்ல வழி சிறு வைவா. "இந்த மூன்றாவது படிக்கு எப்படி வந்தீங்க, சொல்லுங்க" என்று அமைதியாகக் கேளுங்கள். தானே செய்தவர் தடுமாறினாலும் சொல்லிவிடுவார். இந்த வைவாவைச் சந்தேகத்துக்கு உரியவருக்கு மட்டும் வைக்காமல், பாட ஆசிரியரின் ஒப்புதலோடு எல்லோருக்கும் வைத்தால் யாருக்கும் அவமானம் இராது.

கோபத்தோடு வருபவர், கூட்டமாக வருபவர்கள்

உரத்த குரலில் பேசுபவரிடம் அதைவிட உரக்கப் பேசி வென்ற டி.ஏ. எவரும் இல்லை. அறைக் கதவைத் திறந்தே வையுங்கள். உட்காரச் சொல்லுங்கள். முதல் இரண்டு நிமிடம் குறுக்கிடாமல் கேளுங்கள். பிறகு அவர் சொன்னதையே சுருக்கித் திருப்பிச் சொல்லுங்கள்: "நாலாவது கேள்வியில முறை சரி, விடை மட்டும் தப்பு, அதுக்கு முழு மார்க்கும் போயிடுச்சுங்கிறீங்க. சரியா?" தான் சொன்னது கேட்கப்பட்டது என்று தெரிந்தாலே பலருடைய குரல் இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால், "இப்ப ரெண்டு பேராலயுமே இதைப் பேச முடியாது. நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க, சாரும் இருப்பார்" என்று சொல்லி முடியுங்கள். மிரட்டல் வார்த்தை வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, பக்கத்து அறையில் இருப்பவரை அழையுங்கள். அன்றே துறைத் தலைவருக்கு எழுதுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் மட்டும் வேறு நியாயம். கண்ணாடி அணியாமல் அமிலத்தைத் தொடுபவரிடம் விவாதம் கிடையாது. முதலில் மேசையை விட்டு விலகச் சொல்லுங்கள், பேச்சு பிறகு. அங்கே உங்கள் சொல்லே முடிவு. பாதுகாப்பு விதியை எல்லா டி.ஏ.க்களும் ஒரே மாதிரி நடைமுறைப்படுத்த வேண்டும்.

கேரளக் கல்லூரிகளில் மாணவர் அமைப்புகள் வலுவானவை. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இது முதலில் மிரட்சியாக இருக்கலாம். தனி மாணவர் ஒருவரின் குறையைப் பேச அமைப்பின் பொறுப்பாளர் நாலைந்து பேரோடு வந்து நிற்பது இங்கே வழக்கம். அதைப் பகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குறையைச் சொல்லத் துணிவில்லாத மாணவருக்கு அவர்கள் துணையாக வருவதும் உண்டு. வராந்தாவில் நின்று வாதாடாமல், "சம்பந்தப்பட்ட மாணவரும் நீங்க ஒருத்தரும் உள்ள வாங்க" என்று அழையுங்கள். கேட்டுவிட்டு, "இதில் முடிவெடுக்க வேண்டியவர் பாட ஆசிரியர். இன்னைக்கே அவருக்கு எழுதறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி எழுதுங்கள். எந்த அமைப்பு என்பதைப் பொறுத்து உங்கள் குரல் மாறக் கூடாது. உங்கள் அரசியல் உங்களுடையதாக இருக்கலாம், அது டுடோரியல் அறைக்குள் தெரியக் கூடாது.

மாணவர் அமைப்புகள் படிப்பு முடக்கு (வகுப்புப் புறக்கணிப்பு) அறிவித்த அன்று வந்த ஐந்து பேருக்கு மட்டும் புதிய பாடம் நடத்துவதும், வராதவர்களுக்கு ஆய்வுக்கூட மார்க்கைக் குறைப்பதும் மறுநாளே சண்டையாகும். அன்று நடக்க வேண்டிய பயிற்சிக்கு மாற்று நாள் உண்டா என்பதைப் பாட ஆசிரியரிடம் கேட்டு எல்லோருக்கும் ஒன்றுபோல் அறிவியுங்கள். வருகைப் பதிவில் வந்தவர் வந்தவர்தான், வராதவர் வராதவர்தான். அதில் உங்கள் இரக்கமும் கோபமும் நுழைய வேண்டாம். விதி தரும் சலுகையை மட்டும் தெரிந்துவைத்திருங்கள். 75 சதவீத வருகை வேண்டும் என்ற பொது விதியில், மாதவிடாயைக் கருதி மாணவிகளுக்கு 73 சதவீதம் போதும் என்று 2023 ஜனவரியில் கேரள அரசு தன் கீழுள்ள பல்கலைக்கழகங்களுக்கு ஆணையிட்டது. உரிமையாக உள்ளதை ஒரு மாணவி உங்களிடம் வந்து கெஞ்சும்படி வைக்கக் கூடாது.

ஒரே மெஸ், ஒரே ஊர்

விதுரா ஐசர் போன்ற விடுதி வளாகங்களில் டி.ஏ.வும் மாணவரும் ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள், ஒரே மைதானத்தில் விளையாடுகிறார்கள். வயது வித்தியாசமும் அதிகமில்லை. நட்பு உண்டாவது இயல்பு, நல்லதும்கூட. ஆனால் மார்க், தாள், அடுத்த வாரக் கேள்வி ஆகிய மூன்றும் மெஸ் மேசையில் பேச்சாகக் கூடாது. "அதை டுடோரியல் நேரத்தில் கேள்" என்று முதல்முறையே சொல்லிவிட்டால் இரண்டாவது முறை கேட்க மாட்டார்கள். வாட்ஸாப் குழுவிலும் இதே ஒழுங்கு வேண்டும். குழுவில் அறிவிப்பு மட்டும், தனிப்பட்ட மார்க் விஷயம் நிறுவன மின்னஞ்சலில் மட்டும். இரவு பத்து மணிக்கு வந்த செய்திக்குக் காலையில் பதில் சொன்னால் போதும்.

உங்கள் நெருங்கிய நண்பரோ உறவினரோ அந்த வகுப்பில் இருந்தால் பாட ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் தாளை வேறொருவர் திருத்தும்படி செய்யுங்கள். பாடம் முடியும் வரை அந்த வகுப்பு மாணவரோடு காதல் உறவு வேண்டாம். மார்க் போடுபவருக்கும் மார்க் வாங்குபவருக்கும் இடையே முழுச் சம்மதம் என்பது எப்போதும் சந்தேகத்துக்கு இடமானது.

தமிழ் டி.ஏ.க்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் இங்கே படிக்க வருவது பல தலைமுறைப் பழக்கம். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்த ஊர் இது. வையாபுரிப் பிள்ளை தமிழ்ப் பேராசிரியராக இருந்த பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. ஆகவே வகுப்பில் நம் மொழி பேசுபவர் ஒருவராவது இருப்பார். ஒரு நாள் வந்து கேட்பார்:

"அண்ணே, நீங்களும் நம்ம ஊருதானே. இன்டர்னல்ல கொஞ்சம் பார்த்துப் போடுங்கண்ணே."

"தம்பி, ஊர்க்காரன்னு உனக்கு நான் கூட்டிப் போட்டா, இன்னொரு டி.ஏ. அவர் ஊர்க்காரனுக்குக் கூட்டிப் போடுவார். அப்ப இங்க எண்ணிக்கையில கம்மியா இருக்கிற நமக்குத்தான் நஷ்டம். பாடம் புரியலைன்னா சாயங்காலம் வா, தமிழ்லயே சொல்லித் தரேன்."

இந்தப் பதிலில் மறுப்பும் இருக்கிறது, பாசமும் இருக்கிறது. தாய்மொழியில் விளக்குவது பெரிய உதவி. ஆனால் அதை வகுப்பு நேரத்துக்கு வெளியே, கேட்கும் எவருக்கும் செய்யுங்கள். வகுப்புக்குள் இரண்டு பேரிடம் மட்டும் தமிழில் பேசிச் சிரித்தால், மீதி முப்பது பேரும் தங்களை விட்டுவிட்டு ஏதோ நடக்கிறது என்றே நினைப்பார்கள். அதோடு மலையாளம் கற்றுக்கொள்ளுங்கள். ஓரளவு பேச வந்தாலே வகுப்பின் பின்வரிசை உங்களுக்குக் கேட்கத் தொடங்கும்.

பேராசிரியரோடு முரண்பாடு

பேராசிரியரின் முடிவு தவறு என்று தோன்றினால் மாணவர் முன்னால் அதைச் சொல்லாதீர்கள். "சார் போட்டது தப்புதான், நான் என்ன செய்ய" என்று சொல்லும் டி.ஏ. இரண்டு பக்கமும் நம்பிக்கையை இழக்கிறார். தனியாகப் போய், "சார், ஆறாவது கேள்விக்கு 22 பேர் ஒரே மாதிரி வேறு முறையில் செய்திருக்கிறார்கள். கேள்வியை அப்படியும் படிக்கலாம் போலிருக்கிறது. நீங்கள் ஒருமுறை பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். ஆதாரத்தை முன்வைத்து, முடிவை அவரிடமே விடுங்கள். கேரளத்தில் ஆசிரியரை "சார்", "டீச்சர்" என்றே விளித்துப் பேசுவது மரபு. மலையாளத்தில் பேசும்போதும் அதையே பின்பற்றுங்கள், முன்னிலைச் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள்.

வேலைச்சுமை வேறு விஷயம். முதலில் சொன்ன எண்கள் இங்கேதான் பயன்படும். நான்கு வாரம் தொடர்ந்து நீங்கள் செய்த வேலையை மணிக்கணக்கோடு குறித்துவையுங்கள். பிறகு இப்படி எழுதலாம்: "கடந்த நான்கு வாரங்களில் திருத்தும் வேலைக்கு வாரம் 11 மணி நேரம் ஆனது. எனக்கு ஒதுக்கப்பட்டது 6 மணி நேரம். இதே தரத்தில் தொடர, பயிற்சித் தாள்களைக் குறைக்கலாமா அல்லது இன்னொரு டி.ஏ.வைக் கேட்கலாமா என்று தங்கள் ஆலோசனையை வேண்டுகிறேன்." குறை கூறும் தொனி இல்லாமல், கணக்கும் மாற்று வழியும் அதில் இருக்கின்றன. சொந்த வேலைகளைச் செய்யச் சொல்வது டி.ஏ. பணியில் சேராது. அதைப் பணிவாக மறுக்கலாம். பேசியும் தீராவிட்டால் துறைத் தலைவர், அதற்கும் மேல் மாணவர் குறைதீர் குழு. மானியக் குழுவின் 2023 குறைதீர் ஒழுங்குமுறைகளின்படி அந்தக் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதிலும் நிறைவில்லை என்றால் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். நீங்களும் ஒரு மாணவர்தான் என்பது இங்கே உங்களுக்குக் காப்பு.

உங்களிடம் தங்கக் கூடாதவை

ஒரு மாணவி டுடோரியல் முடிந்தபின் தயங்கி நின்று, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னா ஒண்ணு சொல்றேன்" என்று தொடங்கலாம். அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். "தேவையில்லாதவங்க காதுக்குப் போகாது. ஆனா உங்களுக்கு ஆபத்துன்னா உதவக்கூடியவங்ககிட்ட சொல்லாம இருக்க முடியாது" என்று சொல்லுங்கள். பிறகு கேளுங்கள். துருவித் துருவி விசாரிக்காதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் போய்ப் பேசாதீர்கள். சமாதானம் செய்துவைக்காதீர்கள்.

பாலியல் தொல்லை: 2013 சட்டத்தின்படியும் மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறைகளின்படியும் நிறுவனத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். நிகழ்ந்த 3 மாதங்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். புகார் கொடுப்பதா என்பது பாதிக்கப்பட்டவரின் முடிவு. குழு உறுப்பினர் யார், எங்கே இருக்கிறார் என்று சொல்வதும், கேட்டால் கூடப் போவதும் உங்கள் வேலை. முதலாண்டு மாணவர்கள் சிலருக்கு 18 வயது நிரம்பியிராது. அப்படியானால் போக்சோ சட்டம் வருகிறது, தெரிந்தவர் எவரானாலும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தொல்லைக்கு ஆளாவது டி.ஏ.வாகவும் இருக்கலாம். மாணவரால் தொல்லைக்கு உள்ளாகும் பெண் டி.ஏ.வுக்கும் இதே குழு உண்டு.

ராகிங்: கேரளத்தில் 1998 முதலே தனிச் சட்டம் உண்டு. மானியக் குழுவின் 2009 ஒழுங்குமுறைகள் நாடு முழுவதற்கும் பொருந்தும். தேசிய உதவி எண் 1800-180-5522. திடீரென்று தூங்கி வழியும், வகுப்புக்கு வராமல் போகும், காயத்தோடு வரும் முதலாண்டு மாணவரை முதலில் கவனிக்க வாய்ப்புள்ளவர் டி.ஏ.தான். கண்ணில் பட்டதை வார்டனுக்கும் ராகிங் தடுப்புக் குழுவுக்கும் அன்றே தெரிவியுங்கள்.

சாதி அவமதிப்பு: ஆய்வுக்கூடக் குழு பிரிக்கும்போதோ, இ-கிராண்ட்ஸ் உதவித்தொகை பற்றிய பேச்சிலோ ஒருவரை இழிவாகப் பேசுவது காதில் விழுந்தால், அந்த இடத்திலேயே, "இந்தப் பேச்சு இங்கே நடக்காது" என்று நிறுத்துங்கள். பேசாமல் இருந்தால் அதற்கு உங்கள் ஒப்புதல் உண்டு என்றாகிவிடும். பிறகு பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் நலப் பிரிவு பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லுங்கள். குழுக்களை நண்பர்கள் தாங்களாகவே அமைக்க விடாமல் பெயர்ப்பட்டியலின்படி நீங்களே பிரித்தால், ஒதுக்கிவைக்கும் வேலையில் பாதி நின்றுபோகும்.

உயிர் மீது வெறுப்பு: "எதுக்கு இருக்கணும்னு தோணுது" என்று ஒருவர் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது, மனம் திறக்கவே உதவும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். ஆலோசகர், வார்டன், பாட ஆசிரியர் என யாராவது ஒருவர் வந்து பொறுப்பேற்கும் வரை கூடவே இருங்கள். டெலி-மானஸ் எண் 14416, கேரளத்தின் திஷா எண் 1056, இரண்டும் எந்நேரமும் இயங்குபவை. அரசுக் கல்லூரிகளில் ஜீவனி திட்டத்தின் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நீங்கள் மருத்துவராக வேண்டாம். மருத்துவர் வரும் வரை ஒரு மனிதராக உடனிருந்தால் போதும்.

எழுதி வையுங்கள்

ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஐந்து வரி போதும்: தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், என்ன சொல்லப்பட்டது, நீங்கள் என்ன செய்தீர்கள், யாருக்குத் தெரிவித்தீர்கள். "திமிராகப் பேசினார்" என்று எழுதாதீர்கள். "மேசையைத் தட்டி, 'பார்த்துக்கிறேன்' என்றார்" என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு குழு முன் பேச வேண்டி வந்தால், உங்கள் நினைவைவிட இந்த ஐந்து வரிகளுக்கு மதிப்பு அதிகம். அந்தக் குறிப்பை உங்களிடம் மட்டும் வைத்திருங்கள். மாணவர் விஷயத்தை நண்பர்களிடம் கதையாகச் சொல்லாதீர்கள்.

பருவம் முடிந்ததும் பாட ஆசிரியரோடு ஒருமுறை உட்கார்ந்து, எந்த விதி தெளிவில்லாமல் சண்டைக்குக் காரணமானது, அடுத்த முறை எதை மாற்றலாம் என்று பேசிவிடுங்கள். உங்களுக்குப் பின் வரும் டி.ஏ.வுக்கு ஒரு பக்கக் குறிப்பும் எழுதிக் கொடுங்கள். நாளை நீங்கள் பேராசிரியராவீர்கள். அப்போது உங்களிடம் ஒரு டி.ஏ. வந்து நிற்பார். அவருக்கு முதல் வாரத்திலேயே அரை மணி நேரம் ஒதுக்குங்கள், விதிகளை எழுத்தில் கொடுங்கள், அவர் சொல்லும் குறையைக் கேளுங்கள். இன்று உங்களுக்குக் கிடைக்காதது எதுவானாலும், அதை அவருக்குக் கிடைக்கச் செய்யும் பொறுப்பு உங்களுடையது.